ஒரு பொத்தானில் ஒளியும் ஒலியும்

திரையரங்கில் படம் தொடங்குவதற்கு முன் விளக்குகள் சட்டென்று அணைவதில்லை. அவை மெல்ல மெல்ல மங்குகின்றன. பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் தணிகிறது. தாமதமாக வந்தவர் தம் இருக்கையைக் கண்டுபிடித்து அமர்கிறார். அரங்கம் இருண்டதும் அனைவரின் பார்வையும் திரையில் பதிகிறது.

விளக்குகள் இவ்வாறு மெதுவாக மங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. வெளிச்சம் குறைந்ததும் கண்ணின் மணி விரிந்து அதிக ஒளியை உள்ளே விடுகிறது. இது சில வினாடிகளில் நடந்துவிடும். ஆனால், மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு உதவும் விழித்திரைச் செல்கள் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகலாம். எனவே, பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து திடீரென இருளுக்குள் தள்ளப்படும் மனிதர், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திகைத்து நிற்பார்.

இத்தகைய அனுபவத்தை வீட்டிலேயே பெறப் பலர் விரும்புகின்றனர். பெரிய திரை, திரைமீது படத்தைப் பாய்ச்சும் புரொஜெக்டர், அறையைச் சுற்றிலும் ஒலிபெருக்கிகள், அவற்றை இயக்கும் ரிசீவர் ஆகியவற்றைக் கொண்ட 'வீட்டுத் திரையரங்கு' இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. மலேசியாவிலும் சில வீடுகளில் இதற்கென ஓர் அறையையே ஒதுக்குகின்றனர். இவ்வளவு செலவு செய்தும், அறையின் விளக்குகளைக் கவனிக்காவிட்டால் பயன் குறைந்துவிடும். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைப் பாய்ச்ச முடியாது. படத்தில் கறுப்பாகத் தெரியும் பகுதி, ஒளி படாத வெண்திரைதான். அறையில் விளக்கு எரிந்தால் அந்தப் பகுதி சாம்பல் நிறமாகிவிடும். இரவுக் காட்சி வெளிறிப்போகும்.

ஆகவே, விளக்குகளும் படக்கருவிகளும் ஒன்றோடொன்று இணைந்து செயல்பட வேண்டியுள்ளது. இந்த இணைப்பு எவ்வாறு நிகழ்கிறது? அது வீட்டில் உள்ள அனைவருக்கும் பயன்பட என்ன செய்ய வேண்டும்?

டிம்மர் செயல்படும் முறை

விளக்கின் ஒளியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவியை டிம்மர் என்பர். மேடை நாடகங்களில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. பழைய டிம்மர்கள் மின்னோட்டத்தைத் தடுத்து ஒளியைக் குறைத்தன. தடுக்கப்பட்ட மின்னாற்றல் வெப்பமாக மாறி வீணானது. அக்கருவிகள் பெரியவையாகவும் சூடேறுபவையாகவும் இருந்ததால் வீட்டுச் சுவருக்குள் அவற்றைப் பொருத்துவது கடினமாக இருந்தது.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோயல் ஸ்பைரா. அவர் 1959ஆம் ஆண்டில் நியூயார்க்கில் உள்ள தமது அடுக்குமாடி வீட்டில், குறைகடத்தியைக் கொண்டு சிறிய டிம்மர் ஒன்றை உருவாக்கினார். 1961ஆம் ஆண்டில் லூட்ரான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி அதனை வீடுகளுக்குக் கொண்டு சென்றார். சாதாரண சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே அந்த டிம்மரைப் பொருத்த முடிந்தது.

குறைகடத்தி டிம்மர் மின்னோட்டத்தைத் தடுத்து வெப்பமாக்குவதில்லை. அதை மிக வேகமாக நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறது. மலேசியாவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் கொண்டது. அதன் அலை வினாடிக்கு 50 முறை மேலும் கீழும் மாறுகிறது. அதாவது, ஒரு வினாடியில் 100 அரை அலைகள் உள்ளன. ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லிவினாடி நீடிக்கிறது. டிம்மர், ஒவ்வோர் அரை அலையும் தொடங்கியபின் 5 மில்லிவினாடி காத்திருந்து அதன்பிறகு மின்சாரத்தை விட்டால், இழைவிளக்கு பெறும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒளி மேலும் மங்கும். குறைத்தால் ஒளி பெருகும். இவையெல்லாம் வினாடிக்கு 100 முறை நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இழைவிளக்கின் கம்பி அதற்குள் குளிர்ந்துவிடுவதும் இல்லை.

இன்று இழைவிளக்குகளின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துள்ளன. இவற்றுக்குள் ஒரு சிறிய மின்சுற்று உள்ளது. அந்தச் சுற்று டிம்மருடன் ஒத்துப்போகாவிட்டால் விளக்கு படபடவென மினுக்கும். சில வேளைகளில் அணைத்த பின்னும் இலேசாக எரியும். எல்லா எல்.இ.டி. விளக்குகளையும் மங்கச் செய்ய முடியாது. மங்கச் செய்யத்தக்கது என்று பெட்டியில் குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அலையின் தொடக்கத்தை வெட்டும் டிம்மர், இறுதியை வெட்டும் டிம்மர் என இருவகை உண்டு. பல எல்.இ.டி. விளக்குகளுக்கு இரண்டாவது வகையே நன்கு பொருந்துகிறது.

இதில் மனிதக் கண்ணின் இயல்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். கருவியால் அளந்தால் 25 விழுக்காடாக இருக்கும் ஒளி, கண்ணுக்கு ஏறத்தாழப் பாதி ஒளியாகத் தெரிகிறது. 10 விழுக்காட்டு ஒளி, மூன்றில் ஒரு பங்கு போலத் தெரிகிறது. 1 விழுக்காட்டு ஒளிகூடப் பத்தில் ஒரு பங்காகத் தோன்றுகிறது. ஆகவே, 10 விழுக்காடு வரை மட்டுமே மங்கும் விளக்கு, படம் பார்க்கும் அறைக்குப் போதாது. ஏறக்குறைய 1 விழுக்காடு வரை மினுக்காமல் இறங்கும் விளக்கே அதற்கு ஏற்றது.

தொலையியக்கியின் பல மொழிகள்

தொலைக்காட்சிக்கான தொலையியக்கி முதலில் கம்பியுடன்தான் வந்தது. அமெரிக்காவின் ஸெனித் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் அத்தகைய ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வரவேற்பறையின் குறுக்கே கிடந்த கம்பி, நடப்பவர்களின் காலை இடறியது. 1955ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் பொறியாளர் யூஜின் பாலி, கம்பியில்லாத தொலையியக்கியை உருவாக்கினார். அது ஒரு சிறிய கைவிளக்கைப் போன்றது. தொலைக்காட்சியின் நான்கு மூலைகளிலும் இருந்த ஒளியுணரிகளில் ஒன்றை நோக்கி ஒளியைப் பாய்ச்சினால், அலைவரிசை மாறும் அல்லது ஒலி நிற்கும். ஆனால், சாளரத்தின் வழியே வந்த சூரிய ஒளி பட்டாலும் அலைவரிசை மாறிவிடும் என்பது அதன் குறையாக இருந்தது. அடுத்த ஆண்டே இராபர்ட் ஆட்லர், மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியைப் பயன்படுத்தும் தொலையியக்கியை உருவாக்கினார். பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய சுத்தி, அலுமினியத் தண்டைத் தட்டும். அந்தத் தண்டு எழுப்பும் மீயொலியே கட்டளையாகும். அதற்கு மின்கலம்கூடத் தேவைப்படவில்லை.

பின்னாளில் அகச்சிவப்புக் கதிர் பரவலானது. இன்றும் பெரும்பாலான தொலைக்காட்சி, ரிசீவர், புரொஜெக்டர் ஆகியவற்றின் தொலையியக்கிகள் இம்முறையில்தான் இயங்குகின்றன. அறையில் உள்ள விளக்குகளிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் அகச்சிவப்புக் கதிர் வருகிறது. அவற்றிலிருந்து தன் கட்டளையைப் பிரித்துக் காட்டவே, தொலையியக்கி தன் கதிரை வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கச் செய்கிறது. அந்தத் துடிப்பை மட்டுமே கருவியின் உணரி கவனிக்கிறது. அகச்சிவப்புக் கதிரைக் கண்ணால் காண இயலாது. ஆயினும், தொலையியக்கியின் முனையைப் பல கைப்பேசிகளின் கேமரா வழியே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால், அது மின்னுவதைக் காணலாம்.

இக்கதிர் சுவரையோ மரக்கதவையோ கடந்து செல்லாது. தூசு படியாமலிருக்க ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைத்தால், குடத்திலிட்ட விளக்காக அதன் திறன் உள்ளேயே அடங்கிவிடும். அத்தகைய இடங்களில், வெளியே ஒரு சிறிய உணரியை ஒட்டி, அது பெறும் கட்டளையைக் கம்பி வழியே அலமாரிக்குள் கொண்டு செல்வர்.

விளக்குகளுக்கான கருவிகள் வேறு வழிகளில் வளர்ந்தன. ஸ்காட்லாந்தில் உள்ள கிளென்ரொத்தெஸ் நகரின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1975ஆம் ஆண்டில் எக்ஸ்10 என்னும் முறையை உருவாக்கியது. அது வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்கம்பிகளின் வழியாகவே கட்டளைகளை அனுப்பியது. புதிய கம்பி இழுக்கத் தேவையில்லாததால் பலரும் அதனை விரும்பினர். எனினும், பிற மின்கருவிகள் அதே கம்பியில் எழுப்பும் இரைச்சலால் கட்டளைகள் சில வேளைகளில் தடுமாறின. இன்று ஸிக்பீ, இஸட்-வேவ், வைஃபை போன்ற வானொலி அலை முறைகள் பெரிதும் பயன்படுகின்றன. இவை சுவர்களைக் கடந்து செல்லும். ஆனால், ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரு பொது மொழியில் பேச வேண்டும் என்னும் நோக்கத்துடன், 2022ஆம் ஆண்டில் 'மேட்டர்' என்னும் பொதுத் தரம் வெளியிடப்பட்டது.

ஆக, ஒரு வீட்டுத் திரையரங்கில் புரொஜெக்டர் அகச்சிவப்பிலும் டிம்மர் வானொலி அலையிலும் பேசக்கூடும். இவை இரண்டையும் அறிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த வேலையைச் செய்வதே பொதுத் தொலையியக்கி அல்லது மையக் கட்டுப்பாட்டுக் கருவி.

ஒரு கட்டளை, பல வேலைகள்

மையக் கட்டுப்பாட்டுக் கருவியில் பல கட்டளைகளை ஒரே பொத்தானுக்குள் வரிசையாகப் பதிந்து வைக்கலாம். இதனைத் தொடர்கட்டளை எனலாம். 'படம் பார்' என்னும் பொத்தானை அழுத்தியதும் முதலில் திரை இறங்கும். புரொஜெக்டர் இயங்கத் தொடங்கும். ரிசீவர் எழுந்து சரியான இணைப்பைத் தேர்ந்தெடுக்கும். புரொஜெக்டர் விளக்கு சூடேறச் சற்று நேரம் ஆகும் என்பதால், அதுவரை கருவி காத்திருக்கும். கடைசியில் அறை விளக்குகள் பத்துப் பதினைந்து வினாடிகளில் மெல்ல மங்கும். படத்தை நிறுத்தி வைத்தால் எழுந்து நடக்கும் அளவுக்கு வெளிச்சம் வரும். படம் முடிந்ததும் கண் கூசாதவாறு ஒளி படிப்படியாகப் பெருகும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பல தொலையியக்கிகளில் கருவியைத் திறப்பதற்கும் அணைப்பதற்கும் ஒரே பொத்தான்தான் இருக்கும். அகச்சிவப்புக் கட்டளை ஒருவழிப் பாதை. கட்டளையை அனுப்பிய கருவிக்கு, அது போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. யாரேனும் ரிசீவரை முன்கூட்டியே கையால் திறந்து வைத்திருந்தால், தொடர்கட்டளை அதனை அணைத்துவிடும். படம் தெரியும், ஒலி வராது. மீண்டும் அதே பொத்தானை அழுத்தினால் ஒலி வரும், புரொஜெக்டர் அணைந்துவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. பல கருவிகள், தொலையியக்கியில் பொத்தானாகக் காணப்படாவிட்டாலும், 'திற' என்பதற்கும் 'அணை' என்பதற்கும் தனித்தனிக் கட்டளைகளை ஏற்றுக்கொள்ளும். அவற்றைத் தேடிப் பதிந்தால் குழப்பம் நேராது. ஏற்கெனவே திறந்திருக்கும் கருவிக்குத் 'திற' என்று சொன்னால் அது அப்படியே இருக்கும். மற்றொரு தீர்வு, இருவழித் தொடர்பு. பல நவீன டிம்மர்கள் கட்டளையைப் பெறுவதோடு, 'நான் இப்போது 20 விழுக்காட்டில் இருக்கிறேன்' என்று தம் நிலையையும் திருப்பித் தெரிவிக்கின்றன. மையக் கருவி அதனை அறிந்து அடுத்த வேலையைச் செய்யும்.

இரைச்சலும் ஆபத்தும்

விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் ஒரே அறையில் இணைக்கும்போது மற்றொரு தொல்லை எழலாம். டிம்மர் மின்னலையை வினாடிக்கு 100 முறை வெட்டும்போது மின்கம்பியில் இரைச்சல் உண்டாகிறது. அது ஒலிக்கருவிக்குள் புகுந்தால் ஒலிபெருக்கியில் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசை கேட்கும். விலையுயர்ந்த ஒலிக்கருவிகள் நுண்ணிய ஓசைகளையும் வெளிப்படுத்துவதால், அமைதியான காட்சிகளில் இந்த இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்கும். விளக்குகளுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் தனித்தனி மின்சுற்று அமைத்தல், இரைச்சலை வடிகட்டும் சுருள் கொண்ட டிம்மரைத் தேர்ந்தெடுத்தல், ஒலிபெருக்கிக் கம்பிகளை மின்கம்பிகளிலிருந்து விலக்கிப் பொருத்துதல் ஆகியவை இதனைக் குறைக்கும்.

இரைச்சலுக்கு மற்றொரு காரணமும் இருக்கலாம். இரண்டு ஒலிக்கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் கம்பியுடன் இணைக்கப்பட்டு, அவற்றுக்கிடையே ஒலிக்கம்பியும் செல்லும்போது ஒரு வளையம் உருவாகிறது. அந்த வளையத்தில் மின்சாரம் சுற்றி 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ஓசையை எழுப்புகிறது. அதனைப் போக்கச் சிலர் மூன்றுமுனைச் செருகியின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். ஓசை நின்றுவிடும். ஆனால், கருவிக்குள் பழுது ஏற்பட்டு அதன் உலோக உறையில் மின்சாரம் பாய்ந்தால், அதைத் தரைக்குக் கொண்டு செல்ல வழியிருக்காது. உறையைத் தொடுபவரின் உடலே அந்த வழியாகிவிடும். எர்த் கம்பி உயிர்காக்கும் கம்பி. எந்தக் காரணத்திற்காகவும் அதனைக் கழற்றக்கூடாது. கருவிகளை ஒரே மின்சுற்றில் இணைப்பதும், ஒலிக்கம்பியின் இடையே தனிமைப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்ப்பதும் பாதுகாப்பான வழிகள்.

டிம்மரைச் சுவரில் பொருத்துவதும் விளையாட்டல்ல. அங்கே 230 வோல்ட் மின்சாரம் செல்கிறது. சில டிம்மர்கள் இயங்க நியூட்ரல் கம்பி தேவை. பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிகளில் அது இல்லாமல் இருக்கலாம். தகுதி பெற்ற மின்பணியாளரே அதனைச் சோதித்துப் பொருத்த வேண்டும். மலேசியாவில் எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்ற மின்குத்தகையாளரை இதற்கு அழைக்கலாம். எந்த நேரத்தில் எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று திட்டமிடுவதையும், தொடர்கட்டளையைப் பதிவதையும் மாணவர்கள்கூடக் கற்றுச் செய்யலாம்.

பாட்டி எழுந்தபோது

வரிசை வீடு ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை ஆசையுடன் வீட்டுத் திரையரங்கு அமைத்தார். பின்வரிசை இருக்கைகள் ஒரு படி உயரத்தில் இருந்தன. சுவர் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று பழைய சுவிட்சுகளை அகற்றிவிட்டார். விளக்குகள் அனைத்தையும் ஒரு டேப்லட்டின் வழியாக மட்டுமே இயக்க முடிந்தது. கட்டளைகள் இணையத்தின் வழியே சென்று விளக்கை அடைந்தன.

ஓர் இரவு, படம் ஓடிக்கொண்டிருந்தபோது இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. தட்டிலிருந்து ஓடிய படம் நிற்காததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டி எழுந்தார்.

"பாட்டி, கொஞ்சம் நில்லுங்க. கீழே படி இருக்கு. நான் விளக்கைப் போடுறேன்," என்று டேப்லட்டைத் தடவினாள் படிவம் நான்கில் பயிலும் பேத்தி. விளக்கு எரியவில்லை.

"எவ்வளவு நேரம்மா நிக்கிறது? இந்தச் சுவரில ஒரு சுவிட்ச் இருந்துச்சே, அது எங்க?" என்று பாட்டி கேட்டார்.

"அதெல்லாம் இதுக்குள்ளேயே வந்துருச்சும்மா," என்றார் தந்தை.

"உனக்கு அதுக்குள்ள இருக்குய்யா. எனக்குச் சுவரிலதான் இருந்துச்சு."

தந்தை கைப்பேசியின் விளக்கைக் காட்டித் தம் தாயாரைப் படியிலிருந்து இறக்கினார். அன்று யாரும் விழவில்லை. ஆயினும், பாட்டி சொன்னது தந்தையின் மனத்தில் தைத்தது. தாம் அமைத்த அறையில் தம் தாயாரால் தனியாக எழுந்து நடக்க முடியவில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

மறுநாள் பேத்தி ஒரு தாளில் அட்டவணை வரைந்தாள். அந்த அறையை யார் யார் பயன்படுத்துகின்றனர், எப்போது எழுந்து செல்கின்றனர், கையில் எதுவும் இல்லாதபோது என்ன செய்வர் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். முதிர்ந்த கண்ணின் மணி இளையவர் கண்ணைப் போல விரியாது. இருளுக்குப் பழகவும் அதற்கு அதிக நேரம் எடுக்கும். எனவே, தனக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதாது என்பதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

அந்த அட்டவணையைக் கொண்டு மின்பணியாளர் அறையைத் திருத்தி அமைத்தார். கதவருகிலும் பின்வரிசை அருகிலும் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்கள் கொண்ட டிம்மர்கள் வந்தன. இணையம் இல்லாவிட்டாலும், டேப்லட் இல்லாவிட்டாலும், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். படியின் விளிம்பில் தரையை மட்டும் நோக்கும் சிறிய விளக்குகள் பொருத்தப்பட்டன. அவை திரையில் ஒளியைச் சிந்தாமல், படம் ஓடும்போதும் மிக மங்கலாக எரிந்தன. பொத்தான்களின் மேல் 'படம்', 'இடைவேளை', 'வெளிச்சம்' எனத் தமிழில் எழுதி ஒட்டினாள் பேத்தி. 'வெளிச்சம்' என்னும் பொத்தானை அழுத்தினால், வேறு எந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்குகள் எரிய வேண்டும் என்று பதிவு செய்யப்பட்டது.

தந்தைக்குப் பிடித்த தொடர்கட்டளை அப்படியே இருந்தது. ஒரு பொத்தானில் திரை இறங்கியது; ஒலி எழுந்தது; ஒளி மங்கியது. டேப்லட்டை விரும்பியவர் டேப்லட்டையும், சுவரை விரும்பியவர் சுவரையும் பயன்படுத்தினர்.

நல்ல அமைப்புக்கு அடையாளம்

கருவிகளை இணைப்பது என்றால் அவற்றைக் கம்பியாலோ அலையாலோ தொடுப்பது மட்டும் அன்று. ஒரு கருவியின் இயல்பு மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் மனிதனின் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும். டிம்மர் விளக்குடன் ஒத்துப்போகாவிட்டால் ஒளி மினுக்குகிறது. ஒலிக்கருவியுடன் ஒத்துப்போகாவிட்டால் இரைச்சல் எழுகிறது. வீட்டில் வாழ்பவருடன் ஒத்துப்போகாவிட்டால் கால் இடறுகிறது. முதல் இரண்டையும் கருவியை மாற்றிச் சரிசெய்துவிடலாம். மூன்றாவதைச் சரிசெய்ய, அந்த அறையைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டறிய வேண்டும்.

வீட்டுத் திரையரங்கு ஒன்று நன்றாக அமைந்துள்ளதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அந்த வீட்டிற்கு முதன்முறையாக வந்த விருந்தினர் ஒருவர், இருண்ட அறையில், எவரையும் கேட்காமல் விளக்கைப் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவரால் முடிந்தால், அதன்பின் எத்தனை தொடர்கட்டளைகளை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிந்தித்துப் பேசுக

1. 10 விழுக்காடு வரை மட்டுமே மங்கும் விளக்கு, படம் பார்க்கும் அறைக்கு ஏன் போதாது? கண்ணின் இயல்பைக் கொண்டு விளக்குக.

2. "உனக்கு அதுக்குள்ள இருக்குய்யா. எனக்குச் சுவரிலதான் இருந்துச்சு." பாட்டியின் இக்கூற்று உணர்த்தும் கருத்து யாது?

3. இரைச்சலைப் போக்க எர்த் கம்பியைக் கழற்ற எண்ணும் உறவினர் ஒருவரிடம் நீ என்ன கூறுவாய்? உரையாடலாக எழுதுக.

4. உன் வீட்டில் உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அதனை யார், எப்போது, எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை அட்டவணைப்படுத்துக. அங்கு விளக்குகளை எவ்வாறு அமைக்கலாம் என்று குழுவில் கலந்துரையாடுக.